பழைய ரயில் படத்தை விசாரிப்போம்!

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



பழைய ரயில் படங்கள் கைபேசியில் நிறையச் சுற்றி வருகின்றன. "தென்னாட்டின் முதல் ரயில், 1856" என்றும், "அந்தக் காலத்து நம்ம ஊர் ஸ்டேஷன்" என்றும் அடியில் யாரோ எழுதிவிடுகிறார்கள். நாமும் நம்பி நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். படத்தை எடுத்தது யார், எந்த ஊரில், எந்த வருஷத்தில் என்று கேட்பதில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று நினைக்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியது. எலும்பும் தோலுமாகக் கிடந்த நம் மக்களை ஹூப்பர் என்ற வெள்ளைப் பட்டாள அதிகாரி படம் பிடித்தார். அதே படங்களை 1943-ம் ஆண்டு வங்காளப் பஞ்சம் என்று போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு பஞ்சமும் ஏகாதிபத்தியத்தின் கொடுமைதான். ஆனால் ஊரும் வருஷமும் மாறினால், செத்தவன் யார், சாக விட்டவன் யார் என்பதே மறைந்துபோகிறது. ஆகவே படத்தை நிறுத்தி வைத்து விசாரணை செய்ய வேண்டும்.

முதல் கேள்வி: அந்த வருஷத்தில் போட்டோ உண்டா? நம் மாவட்டத்துச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றி வர 1837-லேயே தண்டவாளம் போட்டார்கள். இந்தியாவின் முதல் ரயில் பாதை அதுதான். ஆனால் போட்டோ எடுக்கும் வித்தை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். 1837-ம் வருஷத்துச் செங்குன்றம் ரயில் போட்டோ என்று எவர் காட்டினாலும் அது பொய்.

ராயபுரத்துக்கு வருவோம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர் பாதையில் போக்குவரத்து தொடங்கியது. திறப்பு விழாப் படத்தை "இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்" என்ற வாரப் பத்திரிகை வெளியிட்டது. அது போட்டோ அல்ல, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த சித்திரம். பத்திரிகைத் தாளில் போட்டோவை அச்சிடும் முறை 1880-களில்தான் பரவத் தொடங்கியது. உற்றுப் பாருங்கள். நிழலெல்லாம் கோடு கோடாக இருந்தால் அது செதுக்கிய சித்திரம்.

இரண்டாவது கேள்வி: தண்டவாளம் எவ்வளவு அகலம்? நம் திருவள்ளூர் பாதையும் கும்மிடிப்பூண்டிப் பாதையும் அகலப் பாதைகள், ஐந்தரை அடி. சராசரி ஆள் ஒருவன் குறுக்கே படுத்தால் ஏறக்குறைய இரு தண்டவாளத்துக்கும் இடையில் அடங்குவான். மீட்டர் பாதை மூன்றேகால் அடிதான். படத்தில் நிற்கும் ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டாலே விஷயம் விளங்கும். குறுகிய பாதை தெரிந்தால் அது நம் ஊர் மெயின் லைன் அல்ல.

மூன்றாவது: வண்டியில் என்ன எழுத்து? எம்.ஆர். என்றால் பழைய மெட்ராஸ் ரயில்வே. எம்.எஸ்.எம். என்றால் 1908-க்குப் பிந்தியது. தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-ல்.

நான்காவது: மேலே மின்கம்பி உண்டா? நம் இரு பாதைகளிலும் மின்சார ரயில் வந்தது 1979-ல். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே விஜயவாடா வரை ரயில் இணைப்பு ஏற்பட்டது 1899-ல். ஆகவே 1856-ல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசிக் கேள்வி, நம் கேள்வி: படத்தில் யார் இல்லை?

ராயபுரம் விழாவில் கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் சுமார் 300 ஐரோப்பியரும் ஒரு ரயிலில் போனார்கள். இந்தியர்களைத் தனியாக இன்னொரு ரயிலில் ஏற்றி, திருவள்ளூர் வரை கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வந்தார்கள். வெள்ளையனுக்கு ஒரு வண்டி, கறுப்பனுக்கு ஒரு வண்டி! தென்னாட்டு ரயிலின் முதல் பாடமே அதுதான்.

கம்பெனியின் லண்டன் பங்குதாரர்களுக்கோ ஐந்து சதவீதம் வரை வட்டி உத்தரவாதம். ரயிலில் லாபம் குறைந்தால் இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டினார்கள். ஆபத்து நமக்கு, ஆதாயம் அவர்களுக்கு!

1853-ல் தொடங்கிய வேலையில் மண் வெட்டிக் கரை போட்டவர்கள், கல் உடைத்தவர்கள், கூடை சுமந்த பெண்கள், இவர்கள் பெயரை விழாப் படத்தின் அடியில் எவரும் எழுதவில்லை. கவர்னர் பெயர் நிலைத்தது. கரை போட்டவன் பெயர் மண்ணோடு போயிற்று.

தோழர்களே, இது பழங்கதை மட்டுமல்ல. இன்று தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனுக்கு விபத்து நேர்ந்தால், "இவன் எங்கள் ஆளே அல்ல" என்று கைகழுவும் முதலாளிகள் உண்டு. அடையாள அட்டை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. ஆலை வாசலில், வேலை உடுப்பில், கூட்டாளிகளோடு எடுத்த படம் அப்போது ஒரு சாட்சியாக நிற்க முடியும். ஆனால் தேதியும் இடமும் பெயரும் இல்லாத படத்தை எவனும் மறுத்துவிடுவான்.

ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அப்பன் பாட்டன் காலத்துப் படங்களை எடுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, எந்த ஊர், எந்த வருஷம், நிற்பவர் யார் யார் என்று பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். இன்று எடுக்கும் படங்களுக்கும் அப்படியே. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்கள் பக்கத்தில் நின்று உழைக்கும் தோழனின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். சங்கத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.

நம்மைப் பற்றிய குறிப்பை நாமே எழுதுவோம். அடுத்தவன் எழுதினால் அதில் கவர்னர்தான் இருப்பார்!