மறுபடியும் கேளுங்கள்



தி.நகரில் வாணி மகால் பக்கம் போய்வருகிறவர்களுக்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் சிலை தெரிந்திருக்கும். 1969 ஜனவரி 14 அன்று அண்ணா திறந்துவைத்தது. அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சியும் அதுதான். நாட்டையே சிரிக்க வைத்த அந்தக் கலைவாணர் ஒரு காலத்தில் கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக் கைதி. அதே வழக்கில் அவரோடு உள்ளே இருந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். இருவரையும் வெளியே கொண்டுவந்தது மேல்முறையீடு. அப்பீல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தச் சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த வழக்கை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

1944 தீபாவளிக்கு பாகவதரின் ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அது வெளிவந்த அடுத்த மாதம், நவம்பர் 8-ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’ என்று நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை நடத்தியவர் அவர். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டிசம்பர் முடிவதற்குள் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். சதியில் பங்கு என்பது குற்றச்சாட்டு. கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்க்கப்பட்டார். அவருக்காக வாதாட பம்பாயிலிருந்து கே.எம். முன்ஷி வந்தார்.

விசாரணை நடந்தது சென்னை உயர்நீதிமன்றத்தில், நீதிபதி மாக்கெட் முன்னால். அன்று பெரிய வழக்குகளை உயர்நீதிமன்றமே முதலில் விசாரிக்கும். ஜூரி முறை. ஒன்பது பேர் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்பார்கள். நீதிபதி சட்டத்தை எடுத்துச் சொல்வார். ஜூரிகள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து குற்றவாளியா, இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. 1945 மே 3-ஆம் தேதி நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஒன்பது பேரில் ஆறு பேர் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். அன்றைய சட்டப்படி குறைந்தது ஆறு பேர் ஒரே கருத்தாக இருந்து, நீதிபதியும் அதை ஏற்றால்தான் தீர்ப்பு. அந்த ஆறில் ஒருவர் மனம் மாறியிருந்தால் கதையே வேறு.

காரணமே சொல்லாத ஒரு தீர்ப்பை எதிர்த்து எதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது? இங்கிலாந்துக்கும் இந்தக் குழப்பம் நெடுநாள் இருந்தது. ஜூரி சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தார்கள். அடால்ஃப் பெக் என்பவரை வேறொரு மோசடிக்காரன் என்று தவறாக அடையாளம் காட்டி, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை குற்றவாளியாக்கினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1907-இல் அங்கே குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஒன்று வந்தது. நம் ஊரில் இன்னும் தாமதம். உயர்நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தால் அதே உயர்நீதிமன்றத்தில் முறையாக அப்பீல் செய்ய வழி வந்தது 1943-இல். பாகவதர் வழக்குக்கு ஒரு வருஷம் முன்னால்!

அந்தப் புதுக் கதவைத்தான் முதலில் தட்டினார்கள். தலைமை நீதிபதி லயனல் லீச்சும் நீதிபதி லட்சுமண ராவும் 1945 அக்டோபரில் அப்பீலைத் தள்ளுபடி செய்தார்கள். பிறகு லண்டன், பிரிவி கவுன்சில். அது மன்னரின் சபை. சாதாரண அப்பீல் கோர்ட்டாக இருக்க மாட்டோம் என்று பிடிவாதமாகச் சொல்லி வந்த இடம். அங்கே தனி அனுமதி கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்தது. ஆனால் அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள். “இவர்கள் நிரபராதிகள்” என்று அவர்கள் சொல்லவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் அப்பீலை மறுபடியும் கேட்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

மறுபடி கேட்டவர்கள் நீதிபதிகள் ஹாப்பலும் ஷகாபுதீனும். வழக்கு அதே வழக்கு, சாட்சியமும் மாக்கெட் கோர்ட்டில் பதிவான சாட்சியம்தான். அதை நம்பித் தண்டிக்க முடியாது என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தார்கள். கைதான நாளிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டேகால் வருஷத்துக்கு மேல். கிருஷ்ணன் மறுபடி எழுந்து ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று படமெடுத்தார். பாகவதரால் முடியவில்லை. ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. 1959-இல் போய்விட்டார். விடுதலைத் தீர்ப்பு அவருக்குப் பெயரைத் திருப்பித் தந்தது, பழைய காலத்தைத் தரவில்லை. தாமதத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் அப்பீல் கிடையாது என்பது என் கட்சி.

இது பழைய கதைதானே என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். மந்தைவெளியிலிருந்து ஓர் அம்மா சில வருஷம் முன்பு என்னிடம் வந்தார். மஞ்சள் பையில் மகனின் தீர்ப்பு நகல், நான்காக மடித்து வைத்திருந்தார். மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் இரண்டு வருஷம் போட்டிருந்தார்கள். “ஐயா, மேல்கோர்ட்டுல சாட்சியெல்லாம் திரும்ப வந்து சொல்லணுமா? அந்த ஆளு மறுபடி என் புள்ளைய கை காட்டுவானே” என்றார். அவர் பயம் அதுதான்.

வர வேண்டாம் அம்மா என்றேன். இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் மாஜிஸ்டிரேட் தீர்ப்பின் மேல் அப்பீல் போனால் கிரவுன் கோர்ட்டில் சாட்சிகளை அழைத்து முழு விசாரணையையும் புதிதாக நடத்துவார்கள். ஆனால் கிரவுன் கோர்ட்டில் ஜூரி தண்டித்துவிட்டால், மேலே போக முதலில் அனுமதி வாங்க வேண்டும். 28 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தண்டனை பாதுகாப்பற்றது, அதாவது நம்பி நிற்க முடியாதது, என்று காட்ட வேண்டும். நம் நாட்டில் முதல் அப்பீலுக்கு அனுமதி வேண்டாம். மிகச் சிறு தண்டனைகளையும், குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்குகளையும் விட்டுவிட்டால், அது உரிமை. மேல்கோர்ட்டு நீதிபதி கீழே பதிவான சாட்சியத்தைத் தானே படித்துத் தானே எடைபோட வேண்டும். காகிதத்தை வைத்துத்தான் எல்லாம். வக்கீல்கள் அதனால்தான் டைப் செட்டில், அதாவது டைப் அடித்துக் கட்டிய வழக்குக் காகிதங்களில், ஒரு பக்கம் விட்டுப்போனாலும் குமாஸ்தாவைப் பிடித்துக் கத்துகிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விடுதலையான ஒருவர் மீது அரசு அப்பீல் போவது இங்கே சகஜம். 2009 முதல் பாதிக்கப்பட்டவரும் போகலாம். இங்கிலாந்தில் ஜூரி விடுதலை செய்தால் அநேகமாக அதோடு சரி.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மாஜிஸ்டிரேட் தீர்ப்பென்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பென்றால் உயர்நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனைக்கு மட்டும் 30. நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். அப்பீல் போட்டதும் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். தண்டனையை நிறுத்திவைக்கக் கோரித் தனி மனுப் போட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

லண்டன்வரை போகப் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் வழி இருந்தது. இல்லாதவர்களுக்கு? 1978-இல் ஹோஸ்கோட் என்பவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. நாலு வருஷத் தாமதம். தீர்ப்பு நகல் கைக்குக் கிடைக்கவில்லை என்றார். சிறைக்குப் போகிறவருக்கு நகலை இலவசமாகத் தர வேண்டும், வக்கீல் வைக்க முடியாதவருக்கு வக்கீல் தர வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். சிறையில் இருப்பவர் தன் அப்பீலைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஆகவே நேயர்களே, வீட்டில் யாருக்காவது தண்டனை என்று தீர்ப்பு வந்தால், அழுதுகொண்டே வீடு திரும்பிவிடாதீர்கள். நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பேனா இருக்கிறதா? 15100. இன்னொரு தடவை சொல்கிறேன்: ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.