பட்டியலில் இல்லாத வீடு



காஞ்சிபுரத்தை ஒட்டி, திரைலோக்கியநாதர் கோயில் நிற்கும் இந்தத் திருப்பருத்திக்குன்றத்தில், தகவல் தொடர்பு ஆய்வில் மாதிரி எடுப்பது, அளவிடுவது பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். தெற்கே உத்திரமேரூரிலிருந்து தொடங்குகிறேன்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை வரி வரியாகச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். குடும்புக்கு ஒருவர் வீதம் 30 பேர். அது ஊர் நிர்வாக வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறைதான், கருத்துக் கணிப்பு அல்ல. ஆனாலும் அடுக்கமை சமவாய்ப்பு மாதிரிக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வகுப்பில் இதை நான் வியந்து வியந்து சொல்வேன்.

அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. ஓலையில் பெயர் ஏற, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். குலுக்கலில் கள்ளம் இல்லை. ஆனால் நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. போகாத ஓலையை எந்தச் சிறுவனாலும் எடுக்க முடியாது. இன்றைய ஆய்வுகளில் எனக்கு உள்ள பெரிய கவலை இதுதான்.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடி பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, சுமார் 23 லட்சம் பதில் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். டெலிபோன், கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், பதில் அனுப்பாதவர்கள் அத்தனை பேர் இருந்ததும் கணிப்பைக் கவிழ்த்துவிட்டன. 23 லட்சம் என்ற எண்ணிக்கை காப்பாற்றவில்லை.

இங்கேயும் அதுதான் நடக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் எதைப் படிக்கிறார், எதைப் பார்க்கிறார் என்று ஆராய வரும் மாணவர் முதலில் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத்தான் கேட்பார். எளிது, கையில் கிடைக்கும். மாஸ்டர் வீவர் என்னும் நெசவு முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர் அதில் இருக்கமாட்டார். கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் துணைக்கு நிற்பவரும், வீட்டில் தார் சுற்றும் பெண்ணும் இருக்கமாட்டார்கள். குடத்தில் போடாத ஓலைகள் இவை.

சரியான வீட்டுக்கே போனாலும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "தினமும் எத்தனை மணி நேரம் பாட்டு கேட்கிறீர்கள்?" தறி ஓடும்போது பக்கத்தில் போன் பாடிக்கொண்டிருக்கும். நாடா போகும் சத்தத்தில் பாதி காதில் விழாது. அது கேட்டதா, வெறுமனே ஓடியதா? இன்று ஐந்து மணி என்பவர் அடுத்த வாரமும் ஐந்து மணி என்றே சொல்லலாம். அதனால் அளவை நம்பகமானது என்று மட்டும் தெரியும். அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பது தெரியாது. பேப்பரும் அப்படித்தான். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டால் வாசகர் எத்தனை பேர்?

2014 ஜனவரியில் இந்திய வாசகர் கணக்கெடுப்பு வெளியானபோது 18 பத்திரிகைக் குழுமங்கள் அதை நிராகரித்தன. சென்னையில் அச்சாகும் பிசினஸ்லைன் நாளிதழுக்குச் சென்னையைவிட மணிப்பூரில் மூன்று மடங்கு வாசகர் என்று அது காட்டுவதாகக் கூட்டறிக்கையில் சுட்டினார்கள். ஓரிடத்தில் சிலரை மட்டும் கேட்டு, ஒவ்வொருவரையும் பல்லாயிரம் பேராகப் பெருக்கினால் இப்படிப்பட்ட எண்கள் முளைக்க இடமுண்டு. 2020-இல் டிஆர்பி எனும் தொலைக்காட்சிப் பார்வை மதிப்பீட்டில் முறைகேடு என்ற புகாரை மும்பைப் போலீஸ் விசாரித்தபோது வேறொரு கேடு பேசப்பட்டது: பார்ப்பதைப் பதியும் மீட்டர் வைத்த வீடு எது என்று வெளியே தெரிந்துவிட்டால், அந்த வீட்டின் பார்வையை விலைக்கு வாங்கலாம். செய்திச் சேனல்களின் மதிப்பீடு அந்த அக்டோபரில் நின்று, 2022 மார்ச்சில்தான் திரும்பியது.

ஆகவே இங்கே வரும் மாணவர்களிடம் கேட்பது ஒன்று. சங்கப் பட்டியலை ஒரு கையில் வையுங்கள். மறு கையில் வெற்றுத்தாளோடு தெருத்தெருவாக நடந்து, தறிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு வீட்டையும், தறி நின்றுபோன வீட்டையும் குறியுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுக் குலுக்குங்கள். விடுபட்ட வீடுகள் எத்தனை என்பதை ஆய்வறிக்கையின் முதல் அட்டவணையிலேயே போடுங்கள்.