கருவியின் அருகே ஒருவர்
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு காணும் நமது சங்கம் பாடசாலைக்கு என்ன அன்பளிப்பு வழங்கலாம் என்று கேட்டபோது, பலர் சொன்ன விடை ஒன்றுதான்: வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட். நல்ல எண்ணம். அதையொட்டியே 'பாடசாலையும் தொழில்நுட்பமும்' என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். நான் கல்வியியல் கற்றவள் அல்லள். ஒரு வைத்தியராக, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலின் அடையாளமான ஸ்டெதஸ்கோப் 1816 இல் பாரிஸில் பிறந்தது. லெனெக் என்ற வைத்தியர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, கடதாசியைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பு முன்னரைவிடத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கடதாசிக் குழலுக்குப் பின் எக்ஸ்ரே வந்தது, ஸ்கேன் வந்தது. ஆனாலும் மருத்துவ மாணவருக்கு நாங்கள் முதலில் கற்பிப்பது, கட்டிலருகே நின்று "உங்களுக்கு என்ன செய்கிறது? எப்போது தொடங்கியது?" என்று கேட்பதைத்தான். அந்த இரண்டு கேள்விகளையும் கேட்காதவருக்கு, விலை உயர்ந்த ஸ்கேனும் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

பாடசாலைக்கும் இது பொருந்தும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம். 2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. சில நாட்களுக்குள் வகுப்பறை வட்ஸ்அப் குழுவாகவும் சூம் சதுரமாகவும் மாறியது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. தொலைக்காட்சியில் குருகெதர நிகழ்ச்சி வந்தது. 2021 இல் போஹிட்டியாவ என்ற கிராமத்தில், சிக்னல் தேடி ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே நடந்து ஒரு பாறையின் மீது ஏறிய படங்களை உலகமே பார்த்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தை எட்டியது. அதே ஆண்டில் எரிபொருள் இல்லாமல் மீண்டும் இணைய வகுப்புக்குப் போனோம்.

அந்நாட்களில் என்னிடம் வந்த தாய்மார் சொன்னது மறக்கவில்லை. "வீட்டில ஒரு போன் டொக்டர், பிள்ளைகள் மூன்று பேர். அவர் வேலைக்குப் போனால் போனும் போயிடும்." இன்னொரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று கருவிகள் இருந்தன, கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே இருந்தார்கள். இரண்டு வீடுகளிலும் படிப்பு பின்தங்கியது. பெரிதும் பின்தங்காத பிள்ளைகளையும் கண்டேன். அவர்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குக் கைத்தொலைபேசியைத் திறக்கவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு மாலையும் பேத்தியை அருகில் இருத்தி, "இண்டைக்கு ரீச்சர் என்ன சொன்னவ? எனக்குச் சொல்லு பாப்பம்" என்று கேட்பார். சொல்லிக்காட்ட ஓர் ஆள் இருந்ததால் அந்தப் பிள்ளை பாடத்தைக் கவனித்தாள்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2015 இல் வெளியானது. பாதிப் பாடசாலைகளில் நாளாந்தம் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களுள் 30.4 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பாடசாலைகளில் 39.5 வீதம். மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை, வெறும் வெளிச்சமும் வெளியும்தான். கல்கிசையில் இருக்கும் நமக்குக் கடற்கரை கூப்பிடு தூரத்தில். பெற்றோரே, மாலையில் ரியூஷனுக்கும் போனுக்கும் நடுவே அந்த 40 நிமிடத்தை ஒதுக்குங்கள். இரவில் பிள்ளையின் படுக்கையறையில் போன் வேண்டாம். உங்களுடையதும் வெளியே இருக்கட்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையானவர்களுக்குத் திரைநேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைவாயின் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியது. சோறூட்டும் நேரத்தில் போனைக் கொடுக்கும் வீடுகள் இதை நினைவில் வைத்திருங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், தமிழ்மொழித் தினப் போட்டிக்கான பேச்சைக்கூட ஒரு நிமிடத்தில் எழுதி வாங்கலாம். தங்கைமாரே, அதைத் தொடவேண்டாம் என்று சொல்லமாட்டேன்; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தந்த வசனத்தைப் பார்த்து, "இது உண்மையா? இந்தச் சொல்லை நான் பேசுவேனா?" என்று கேட்கப் பழகுங்கள். அப்படிக் கேட்கும் பழக்கத்தை உங்களுக்குத் தருபவர், எதிரே நின்று "விளங்கினதா?" என்று முகத்தைப் பார்க்கும் ஆசிரியைதான்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். ஸ்மார்ட் போர்ட் வாங்குவோம். எத்தனை என்பதை ஆசிரியைகள் சொல்லட்டும். நமது உப்புக்காற்றில் மின்சாதனங்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் திருத்துவதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவோம். இரண்டாவது, பழைய மாணவி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமைகள் இங்கு வந்து, வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் படித்ததைச் சொல்லக் கேட்போம். வைத்தியரோ, கணக்காளரோ, இல்லத்தரசியோ, யாரானாலும் போதும். மூன்றாவது, நமது பழைய பாடசாலைச் சஞ்சிகைகளைப் பிள்ளைகளைக் கொண்டே ஸ்கேன் செய்வித்து, 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் காத்துவரும் நூலகம் திட்டத்துக்குக் கொடுப்போம். பழுப்பேறிய ஏட்டில் தன் அம்மம்மாவின் பெயரைக் காணும் பிள்ளைக்கு, கருவி எதற்கு என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

பலகையின் விலையைப் பொருளாளர் கணக்கிட்டுவிட்டார். சனிக்கிழமைகளுக்கான பெயர்ப்பட்டியல் வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது உங்கள் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.