பூவல்ல, உயிர்



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மீன் வளர்ப்பது புதிதல்ல. கால்வாயில் பிடித்த மீனைப் போத்தலில் விட்டு, சன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்து மகிழாத பிள்ளை நம்மிடையே அரிது. அப்பிள்ளைகள் வளர்ந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே மீன் கடையில், நீல விளக்கின் கீழ், ஒரு கல்லின் மேல் கூட்டமாக விரிந்திருக்கும் சின்னஞ்சிறு பூக்களைக் காண்கிறார்கள். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. கையிலுள்ள வெள்ளியைக் கொடுத்து ஒரு கல்லை வாங்கிக்கொண்டு, "அம்மா, கடல் பூ கொண்டு வந்திருக்கிறேன்" என்று வீடு வந்து சேர்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பூக்கள் சுருங்கிக் கிடக்கின்றன. எங்கே வந்தது குறை? அதைப் பூவென்று நினைத்தோமே, அதுதான் முதற்குறை.

நேயர்களே, அது பூவன்று. விலங்கினத்தைச் சேர்ந்த உயிர். சோவாந்திட் என்பது அதன் பெயர். பொத்தானைப் போல் வட்டமாக இருப்பதால் பொத்தான் பவளம் என்று நாம் அழைத்துக்கொள்வோம். நாம் பூ என்று நினைக்கும் ஒவ்வொன்றும் வாயும் வயிறும் உள்ள ஓர் உயிர். இதழ் போல் தெரிபவை அதன் உணர்விழைகள். மற்றப் பவளங்கள் பலவற்றைப் போல் இதற்குச் சுண்ணாம்புக் கூடு கிடையாது. இதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆகவே இதற்கு வெளிச்சமே பெரும்பகுதி சாப்பாடு. இப்படிப்பட்ட உயிர் ஒன்று நம் வீட்டுக்கு வந்தால் அதற்கு என்ன வேண்டும், அதனிடம் நாம் எதற்கு அஞ்ச வேண்டும் என்ற இரண்டையும் இன்று பார்ப்போம்.

முதலில் தண்ணீர். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கடல்நீரில் கால்சியம், மக்னீசியம் முதலிய பல சத்துகள் உள்ளன. அதற்கென்றே கடைகளில் விற்கும் கடல் உப்பைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்பது கணக்கு. உப்புமானியில் பார்த்தால் 1.025 என்று காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கிறது. அது நமக்கு நல்லது; பவளத்துக்குக் கேடு. மழைநீரைப் பிடிக்கலாமே என்று சிலர் எண்ணலாம். தகரக் கூரையில் வழிந்து வரும் நீரில் துத்தநாகம் கலந்திருக்கும். அதுவும் இவ்வுயிர்களுக்கு ஆகாது. நன்றாக வடிகட்டிச் சுத்திகரித்த நீரே ஏற்றது.

தொட்டியில் நீரும் மணலும் கல்லும் வைத்த அன்றே பவளத்தை விடலாகாது. கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கும். அதை மாற்றிக் குறைக்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். நிலம் பண்படாமல் நாற்று நடுவாருண்டோ?

அடுத்தது உப்பின் சமநிலை. தண்ணீர் ஆவியாகப் போகும்; உப்பு போகாது. 100 லிட்டர் தொட்டியில் 3,500 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கவனிக்காமல் விட்டு 10 லிட்டர் குறைந்துபோனால், மீதி 90 லிட்டரிலும் அதே 3,500 கிராம் உப்புதான். அப்போது லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம் ஆகிவிடுகிறது. பொத்தான்கள் மூடிக்கொள்வதற்கு இது ஒன்றே போதும். ஆகவே கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, குறைந்த அளவுக்கு நாள்தோறும் நல்ல நீரை, உப்பில்லாத நீரை, ஊற்றி வர வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் மாற்ற வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர், அதற்கு 350 கிராம் உப்பு.

நம் நாட்டில் பெருந்தொல்லை வெப்பம். பொத்தான் பவளத்துக்கு 24 முதல் 27 பாகை வரை சுகமானது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், உள்ளே குடியிருக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். கடலிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் பக்கங்களில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசாங்கம் கொஞ்ச காலம் மூடி வைத்தது. பரந்த கடலுக்கே இந்தக் கதியென்றால், தகரக் கூரையின் கீழ் இருக்கும் சின்னத் தொட்டிக்குக் கேட்கவா வேண்டும்? வெயில் படாத சுவரோரமாகத் தொட்டியை வையுங்கள். நீரின் மேல் காற்று வீசும்படி சிறு காற்றாடி வைத்தால் இரண்டொரு பாகை இறங்கும். ஆனால் காற்றாடி வைத்தால் நீர் விரைவாக ஆவியாகும். முன்பு சொன்ன கோட்டை அப்போது இன்னும் கருத்தாகப் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. செம்பனை நாற்றை முளைத்தவுடன் வெட்டவெளியில் வைப்போமா? முதலில் நிழல், பிறகு சிறிது சிறிதாக வெயில். பொத்தான் பவளத்துக்கும் அதே முறைதான். புதிதாக வாங்கிய கல்லைத் தொட்டியின் அடிப்பக்கத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பொத்தான்கள் கழுத்தை நீட்டி மேல்நோக்கி வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். சுருங்கி வெளிறிப் போனால் வெளிச்சம் மிகுதியாக இருக்கக்கூடும். நீரோட்டமும் மிதமாக இருக்கட்டும். உணர்விழைகள் மெல்ல அசைய வேண்டும். மடங்கிப் படுக்கக் கூடாது.

நீர் பளிங்குபோல் இருந்தால்தான் நல்லது என்று எண்ணி எல்லாச் சத்தையும் வடித்துவிடுவோரும் உண்டு. இந்தப் பவளம் சிறிதளவு நைட்ரேட் உள்ள நீரில்தான் செழிக்கிறது. லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை இருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை சிறிது தூள் உணவு போட்டால் போதும். அளவுக்கு மிஞ்சினால் நீர் கெட்டுவிடும்.

பொத்தான்கள் ஒருநாள் இருநாள் மூடியிருந்தால் பதறாதீர்கள். ஒரு வாரமாகியும் திறக்காவிட்டால் காரணம் தேட வேண்டும். முதலில் உப்பையும் வெப்பத்தையும் பாருங்கள். பிறகு இரவில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பவளத்தைத் தின்னும் ஒருவகைக் கடல் அட்டை உண்டு. தான் தின்னும் பொத்தானின் நிறத்தையே அது எடுத்துக்கொள்ளும். பகலில் கண்ணுக்குத் தெரியாது. மிளகளவு சிலந்தி போன்ற பூச்சியும், வட்டக் கோடு போட்ட தட்டை நத்தையும்கூட எதிரிகளே. இவற்றை இடுக்கியால் பிடித்தெடுக்க வேண்டும். அட்டையின் முட்டை மருந்துக்குச் சாகாது. அதனால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மீனுக்கு நோய் வந்தால் போடும் தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். கொசு மருந்து அடிக்கும்போதும், டிங்கிக் காய்ச்சலுக்காகப் புகையடிக்க வரும்போதும் தொட்டியை மூடி வையுங்கள்.

இனி, நாம் அஞ்ச வேண்டியதற்கு வருவோம். தாய்மார்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

ஹவாயின் மவுயித் தீவில் ஹானா என்ற ஊர்ப்பக்கம் பாறைக்குட்டை ஒன்று உண்டு. அங்கு வளரும் பாசியை ஈட்டி முனையில் தடவினால் உயிரைப் பறிக்கும் என்று அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி, அந்தக் குட்டையை விலக்கி வைத்திருந்தார்கள். பின்னர் அறிஞர்கள் ஆராய்ந்தபோது அது பாசியன்று, பொத்தான் பவளத்தின் இனம் என்று தெரிந்தது. மூர், ஷோயர் என்ற இருவர் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்து 1971-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். அதன் பெயர் பாலிடாக்சின். நம் உடலின் உயிரணுக்களில் உப்புச் சத்தை வெளியே தள்ளும் பம்பு போன்ற அமைப்பு உண்டு. இந்த நஞ்சு அந்தப் பம்பைத் திறந்த கதவாக்கிவிடுகிறது.

எல்லாப் பொத்தான் பவளத்திலும் இந்நஞ்சு ஒரே அளவாக இராது. சிலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் மிக அதிகம். நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் எல்லாவற்றையும் நஞ்சுள்ளவையாகவே நடத்த வேண்டும். தொட்டியில் இருக்கும் வரை அது யாரையும் தேடி வந்து தாக்காது. அதை வெட்டும்போதும், தேய்க்கும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கும்போதும்தான் ஆபத்து. கொதித்தால் நஞ்சு அழியும் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஆவியோடு கிளம்பி வீட்டிலுள்ள அத்தனை பேர் மூச்சிலும் கலக்கும். 2018-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்நஞ்சு பரவியது. வீட்டார் மட்டுமல்ல, உதவிக்கு வந்தவர்களும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இந்த எச்சரிக்கையை யாரிடம் சொல்கிறோம்? மருந்தடித்த கைகளிடம் சொல்கிறோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அதைத் தோம்பில் நிரப்பி முதுகில் சுமந்தவர்கள் நம் தாய்மார்கள். கையுறை இல்லாமல் தொட்டால் என்ன ஆகும், காற்று எதிர்த்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த மருந்துக்கு மாற்று மருந்து இல்லை. இந்தப் பவள நஞ்சுக்கும் இல்லை. வெளியில் இருந்தபோது நாம் அஞ்சி நடந்த நஞ்சை, அழகு என்ற பெயரால் கூடத்துக்குள் கொண்டுவந்து அலட்சியமாக வைக்கலாமா?

ஆகவே சில விதிகள். தொட்டிக்குள் கையை விடுமுன் கையுறை போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். கையில் கீறலோ புண்ணோ இருந்தால் அன்று வேலையே வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சமையல் பாத்திரத்தையோ பல் துலக்கும் பிரஷையோ இதற்குப் பயன்படுத்தி மறுபடி வீட்டுக்கு எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் தொட்டி இருக்கட்டும். வேண்டாத கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், காயப்போட்டு உடைக்காதீர்கள், நீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். பிளீச் என்னும் வெளுக்கும் மருந்து ஒரு பங்கும் தண்ணீர் பத்துப் பங்கும் கலந்து, காற்றோட்டமான வெளியிடத்தில், அதில் அரைமணி நேரம் மூழ்க வைத்த பிறகு எறியுங்கள். கருவிகளையும் அவ்வாறே ஊறவையுங்கள்.

இவ்வளவு கவனித்தும் யாருக்காவது வாயில் கசப்போ உலோகச் சுவையோ தோன்றினால், குளிரும் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரை ஊற்றிக் கால்மணி நேரம் கழுவுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் "கடல் பவளத் தொட்டி, பாலிடாக்சின்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வைப்பது நல்லது. அவசர நேரத்தில் பெயர் நினைவுக்கு வராது.

கடைசியாக ஒன்று. போர்ட்டிக்சன் பக்கம் விடுமுறைக்குப் போகும்போது, கடல் வற்றிய பாறையில் இதுபோன்ற உயிர்களைக் கண்டால் பிடுங்கி வராதீர்கள். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், பாயார் முதலிய தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளத்தை எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இடம் மாற்றி நட்டால் வாடும் உயிரை வேடிக்கைக்காகப் பிடுங்கலாகாது. தொட்டியில் ஒரு கல் போதும். நன்றாக வைத்திருந்தால் அதுவே பெருகிப் பக்கத்துக் கல்லிலும் படரும். அப்போது நண்பர் வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம்.

கொடுக்கும்போது, நேயர்களே, கையுறையையும் சேர்த்துக் கொடுங்கள். "இது பூவல்ல, உயிர்" என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள்.