தூய நீர் எது?



"எங்கள் கிணற்று நீர் தெளிவானது, ஆகவே தூயது" என்று ஒரு மாணவன் எழுதினால் எத்தனை மதிப்பெண் தரலாம்? கூற்று உண்டு, ஏற்ற சான்று இல்லை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதற்கு இதுவும் காரணம்.

"லிட்டருக்கு 2 மில்லிகிராம் புளோரைடு உள்ளது, இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு 1.5, ஆகவே இது குடிக்கத் தகாது" என்று எழுதுபவன் கூற்றையும் சான்றையும் காரணத்தையும் இணைக்கிறான். முழு மதிப்பெண் அவனுக்கே. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைக் கண்டு, "ஐயம் உண்டு, எப்பொருள், எவ்வளவு என்று சோதித்தபின் முடிவு சொல்வேன்" என்பவனும் பாராட்டுக்குரியவனே.

இந்த அளவுகோல் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரைப் பருகினார். நீர் தீட்டுப்பட்டதென்று சாதி இந்துக்கள் சடங்கு செய்தனர். அத்தீட்டைக் காட்டும் சோதனைக் குழாய் உலகில் எங்கும் இல்லை. தொன்றுதொட்ட வழக்கம் என்ற அவர்களது வாதம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் தள்ளியது.

இளைஞர்களே, தூய்மை பற்றி எவர் பேசினும், "சான்று எங்கே?" என்று கேளுங்கள். நீங்கள் பேசும்போதும் சான்றோடு பேசுங்கள்.