கரையை அளந்தெழுதுவோம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெய்தல் நிலத்து மக்களாகிய நமக்குக் கடல் வயலென்றால், கரையே களமாகும். படகேற்றி வைப்பதும், வலை உலர்த்துவதும், கரைவலை இழுப்பதும், மீன் ஏலமிடுவதும் கரையிலேயாம். கரை தேயின் தொழிலும் உடன் தேயும். ஆதலின் அதனைக் காத்தற்கு முதற்படியாக நாம் செய்யத்தக்க எளிய பணியொன்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தே நிற்பதன்று. தென்மேற்குப் பருவத்து அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்து அலைகள் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுமையும் கணக்கிடின் வடக்கே செல்வதே மிகுதி. இவ்வோட்டத்தைக் கற்சுவரால் மறித்தால், சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே கடல் கரையைத் தின்னும். 1875-ல் அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்று வளர்ந்ததும், வடக்கே இராயபுரம் முதலிய இடங்கள் அரிப்புண்டதும் இதனாலேயாம். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரத்துக் கடற்கரை மணலிழந்து கல்லடுக்காயிற்று.

1990 முதல் 2018 வரையுள்ள காலத்தை ஆராய்ந்த தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அரிப்புக்குள்ளாயது எனக் கண்டது. அது நெடுங்கரையை நோக்கிய கணக்கு. நம் குப்பத்தின் முன்னே ஐப்பசியில் போன மணல் சித்திரைக்குள் மீண்டதா என்பதை அக்கணக்கு உரைக்காது. நம் முதியோர் அதனை அறிவர். ஆயினும் வாய்ச்சொல் அலுவலகப் படியேறுவதில்லை. "கடல் கரையைத் தின்றது" என்று மட்டும் மனுவெழுதினால், "பருவத்தால் போனது பருவத்தால் மீளும்" என்னும் மறுமொழி வரக்கூடும். அம்மறுமொழி சிலபோது மெய், சிலபோது பொய். எது மெய் என்பதை எண்ணே காட்டவல்லது.

அளப்பதற்குப் பெருங்கருவி வேண்டா. அமெரிக்கக் கடலியலறிஞர் எமரி என்பார் 1961-ல் வெளியிட்ட முறைக்கு, அளவுக்கோடிட்ட 5 அடிக் கோல்கள் இரண்டே போதும். 5 அடி இடைவெளியில் ஒன்றைக் கரைப்பக்கமும் மற்றொன்றைக் கடற்பக்கமும் செங்குத்தாக நிறுத்துக. கரைப்பக்கக் கோலருகே நின்று, மற்றதன் நுனியும் தொடுவானும் ஒரே கோட்டில் தோன்றுமாறு நோக்குக. அக்கோடு கரைப்பக்கக் கோலின் நுனியிலிருந்து எத்துணைக் கீழே படுகிறதோ, அதுவே அவ்விடத்து மணலின் இறக்கம். அதனைக் குறித்துக்கொண்டு, அடுத்த 5 அடிக்குச் செல்க. இவ்வாறு நீர்விளிம்புவரை அளந்தால் கரையின் அகலமும் சரிவும் தாளில் வந்துவிடும். அந்நாட்டு மெய்ன் மாநிலத்தில் 1999-ல் தொடங்கி, ஊர்த்தொண்டர்கள் திங்கள்தோறும் இம்முறையாலே தங்கள் கரையை அளந்து குறித்தனர்.

மூன்று நெறிகளை மட்டும் வழுவாது காத்தல் வேண்டும். கோயில் மதில்போன்ற அசையாத அடையாளம் ஒன்றிலிருந்தே எப்பொழுதும் தொடங்குக. திங்கள்தோறும் நீர் வற்றிய வேளையில் அளக்க. மணல் கூடினும் குறையினும் உள்ளவாறே எழுதுக. குறைந்ததை மட்டும் எழுதும் ஏடு வழக்கில் நில்லாது.

இப்பணி ஒரு குப்பத்தோடு முடிவதன்று. நம் வீடு காக்க நாம் கல் கொட்டுவித்தால், வடக்கேயுள்ள குப்பத்தின் மணல் குறையக்கூடும். அங்கிருப்போரும் நம் உறவினரே. அடுத்தடுத்த குப்பங்கள் ஒருங்கே அளந்தால்தான், ஒருவர்க்குக் காவலானது மற்றவர்க்குக் கேடாகாமல் தடுக்கலாம்.

ஆதலின் குப்பத்திற்கு இருவராக இளைஞர் முன்வருக. பெண்மக்களும் பள்ளிச் சிறாரும் உடன் சேர்க. சிறார்க்கு இது கணக்குப் பயிற்சியுமாகும். ஒரு படி குப்பத்திலும் மறுபடி சங்கத்திலும் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து நம் மக்கள் அலுவலகத்தில் நிற்குங்கால், அவர்கள் கையில் கண்ணீரன்றி ஏடும் இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் சொல்லை முடிக்கிறேன்.