பிள்ளையைக் கேட்டீர்களா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீட்டிலே ஒரு பிள்ளை கடும் நோயிற் படுத்துவிட்டால் நாம் என்ன செய்கின்றோம்? வைத்தியரிடம் ஓடுகின்றோம். சல்லி அம்மனுக்கு நேர்த்தி வைக்கின்றோம். கோணேசர் மலையேறிப் பிள்ளையின் பெயரில் அர்ச்சனை செய்விக்கின்றோம். இவை யாவும் வேண்டியவையே. ஆனால், அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து, "உனக்கு என்ன ஆசை ராசா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? ஊசி போடும்போது அவனைக் கேட்பதில்லை. ஆசுபத்திரி மாற்றும்போது கேட்பதில்லை. கஞ்சியா பாலா என்றுகூடக் கேட்பதில்லை. வீட்டார் எல்லோரும் அவனுக்காகவே அழுகிறார்கள். அவன் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறான். அந்த ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

அமெரிக்க நாட்டிலே அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்றொரு நகரம் உண்டு. அங்கே கிறிஸ் கிரேசியஸ் என்ற ஏழு வயதுச் சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். பொலிஸ்காரனாக வேண்டும் என்பதே அவன் ஆசை. குடும்பத்துக்குப் பழக்கமான சுங்க உத்தியோகத்தர் ஒருவர் அதைக் கேட்டறிந்து மாநிலப் பொலிஸ் நண்பர்களிடம் சொன்னார். 1980 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆந் திகதி பொலிஸ் ஹெலிகொப்டர் அவனை ஏற்றிக்கொண்டு பறந்தது. தலைமையகத்திலே அவன் உறுதிமொழி எடுத்து, அம்மாநிலத்தின் முதலாவது கௌரவப் பொலிஸ்காரனானான். அவனுடைய அளவுக்குச் சீருடை எங்கே கிடைக்கும்? சீருடைக் கடையிலே இரு பெண்கள் இராமுழுதும் கண்விழித்துத் தைத்துக் கொடுத்தார்கள். மின்கலத்தால் ஓடும் அவனுடைய சிறிய விளையாட்டு மோட்டார் சைக்கிளிலே அவனுக்கு ஓட்டப் பரீட்சையும் வைத்தார்கள்! தேறியவர்க்குரிய இறகுச் சின்னம் ஆசுபத்திரிக் கட்டிலுக்கே அவனிடம் வந்து சேர்ந்தது. மே 3 ஆந் திகதி அவன் கண்ணை மூடினான்.

வாலிபர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளிலே இதற்கென ஒரு சங்கம் இல்லை, நிதியும் இல்லை, கட்டிடமும் இல்லை. சில பொலிஸ்காரரும் இரண்டு தையற்காரிகளும் ஒரு தாயும் இருந்தார்கள், அவ்வளவுதான். அவன் மறைந்த பிறகே, அவர்களிற் சிலர் கூடி மேக்-எ-விஷ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று அது பல தேசங்களிற் பரவி, 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விருப்பத்தை நிறைவேற்றியிருக்கிறது. இந்தியாவில் 1996 இலே மும்பையில் அதன் கிளை தோன்றிற்று. 2014 ஒக்டோபரிலே ஐதராபாத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் காக்கி உடையணிந்து, நகரப் பொலிஸ் ஆணையாளரின் நாற்காலியிலே ஒருநாள் அமர்ந்தான். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் சிறுவர் மனம் ஒன்றுதான் போலும். எல்லோருக்கும் தொப்பியும் சல்யூட்டும் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். "கடைசி ஆசையைக் கேட்கச் சொல்கிறீர்களே, இது அபசகுனம் அல்லவா?" என்று தாய்மார் மனம் பதைக்கும். அந்தப் பதைப்பு நியாயமானதே. ஆனால் 'கடைசி' என்ற சொல் இங்கே வேண்டியதில்லை. 2013 நவம்பர் 15 ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிலே, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பேட்மேன் வேடத்திலே நகரைக் காத்தது. தண்டவாளத்திற் கட்டிவைக்கப்பட்ட பெண்ணை அவன் மீட்கும் காட்சியைப் பார்க்க ஆயிரமாயிரம் பேர் வீதியில் நின்றார்கள். ஐந்து ஆண்டுகள் சென்றபின், 2018 இலே, அப்பிள்ளை நோயின்றி நலமாயிருப்பதாகச் செய்தி வந்தது. செல்வ நாடுகளிலே புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100 க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர் கூட இல்லை. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையோ இரண்டு மூன்று வருடம் நீளும். மருந்து கசக்கும், தலைமயிர் கொட்டும், பள்ளிக்கூடம் போகமுடியாது. அந்த நீண்ட வழியிலே எதிர்பார்த்திருக்க ஒரு நல்ல நாள் இருந்தால், மருந்தை விழுங்கவும் ஒரு காரணம் உண்டாகும்.

நம்மூர்ப் பிள்ளைக்கு இந்நோய் வந்தால், பெரும்பாலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். அரசாங்க வைத்தியம் இலவசந்தான். பஸ் கூலியும் தங்குமிடமும் தகப்பன் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. ஆகையால் எமது அபிப்பிராயம் இது: பஸ் கூலிக்கு வழிசெய்யாமல் ஆசை நிறைவேற்றப் புறப்படுவது அழகன்று. முன்னது முன்னே நடக்கட்டும்.

பின்னதற்குப் பெரும் பணம் வேண்டுமென்று எண்ணாதீர்கள். பிள்ளைகளின் ஆசைகள் பெரியோரின் ஆசைகளைப்போல் விலையேறியவை அல்ல. புறாமலைக்குப் படகிற் போகவேண்டும் என்று ஒன்று கேட்கலாம். புகையிரத எஞ்சினிலே சாரதிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று இன்னொன்று கேட்கலாம். பிரெடெரிக் கோட்டை மான்களுக்குத் தன் கையாலே தீன் கொடுத்தாற் போதும் என்றும் ஒரு பிள்ளை சொல்லக்கூடும். படகு நம்மவரிடம் இருக்கிறது; புகையிரத நிலையத்தாரிடம் போய்க் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

ஆனால் ஆர்வத்திலே அவசரம் கூடாது. முதலில் வைத்தியரின் அனுமதி. இந்த மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். நமக்குச் சாதாரணத் தடிமன், அப்பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே ஐம்பது பேர் திரண்டுபோய் மாலை போட வேண்டாம். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், படம்பிடித்து ஊரெல்லாம் காட்டவும் வேண்டாம். பிள்ளையின் முன்னே "ஐயோ பாவம்" என்று பெருமூச்சு விடும் பெரியவர்களைத் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்! முடியாததை முடியும் என்று சொல்லவும் கூடாது. நாம் சொன்ன வாக்கை மறந்துபோகலாம்; கட்டிலிற் படுத்திருப்பவன் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான்.

கேட்கப்போகிறவர் இருவருக்கு மேல் வேண்டாம். ஒருவர் தாய் தகப்பனோடு பேசிக்கொண்டிருக்க, மற்றவர் பிள்ளையோடு இருக்கட்டும். பெற்றோர் எதிரே கேட்டால், வீட்டுக்கு எது தேவையோ அதையே சில பிள்ளைகள் தமது ஆசையாகச் சொல்லிவிடும். கஷ்டம் அறிந்த பிள்ளைகள் அப்படித்தான். ஒருநாளிற் சொல்லாவிட்டால் மறுநாளும் போகலாம். ஒரு வெள்ளைத் தாளும் வர்ணப் பென்சிலும் கொண்டுபோனால், வாயாற் சொல்லாததைக் கீறிக் காட்டும்.

இன்னும் ஒன்று. தாய் மகரகமவிலே நிற்க, அம்மம்மா வீட்டிலே விடப்பட்ட அண்ணனோ தங்கையோ மாதக்கணக்காகத் தாயைக் காணாமல் இருப்பார்கள். புறாமலைக்குப் போகும் படகிலே அவர்களுக்கும் இடம் வைத்திருக்க வேண்டும்.